தேவதாருவின் புழுவும் தேயிலையின் புழுவும்

உடப்புசல்லாவையிலிருந்து இராகலை வரை நீளும் மலைச்சரிவுகளைப் பெரும்பரப்பில் மூடியிருக்கும் பயிர்கள் இரண்டு. ஒன்று தேயிலை; மற்றது மலைமுகடுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் நிற்கும் பைனஸ். இரண்டும் கடல் கடந்து வந்தவை. இரண்டும் ஒரே இனத்தை மலை மலையாக நட்டு வளர்க்கும் முறையில் நிலைபெற்றவை. ஆயினும் அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை இவற்றின் கதை வேறு வேறு. தேயிலையைத் தின்னும் புழுக்களின் வரலாறு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்டதாக இருக்க, பைனஸ் காட்டை மொட்டையாக்கும் புழு என்று எதுவும் இம்மலைகளில் பெயர்பெறவில்லை. ஊசியிலை மரங்களுக்குப் புழுவே கிடையாதோ என்றால், இமயத்திலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அம்மரங்களைப் பல்லாயிரம் ஹெக்டேயர் பரப்பில் வெறுங்கிளையாக்கும் அந்துப்பூச்சிகள் உண்டு. ஒரு மலையில் புழு பெருகுவதும் இன்னொரு மலையில் பெருகாமல் இருப்பதும் எதனால் என்பதையும், அதில் மனிதரின் பங்கு எவ்வளவு என்பதையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இரண்டும் செதிலிறகிகள் என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுப் பூச்சி என்னும் நான்கு நிலைகளில் தின்று வளரும் வேலை ஏறத்தாழ முழுவதும் புழுவுடையது. சிறகு முளைத்த பூச்சி தேன் உறிஞ்சுவதோடு அமையும், சில இனங்களில் அதுவுமின்றி இணை சேர்ந்து முட்டையிட்டு மடியும். ஆகவே ஓர் இனத்தின் பயிர்ச்சேதம் என்பது அதன் புழு எந்த இலையைச் செரிக்க வல்லது என்பதைப் பொறுத்தது. ஊசியிலை எளிதில் செரிக்கக்கூடிய உணவன்று. அதன் மேல்தோல் தடித்தது, தழைச்சத்து குறைந்தது, கடித்த இடத்தில் கசியும் பிசினில் டர்பீன்கள் எனப்படும் மணமுள்ள வேதிப்பொருள்கள் நிறைந்துள்ளன. இந்தத் தற்காப்பைத் தாண்டப் பழகிய புழுக்கள் அம்மரங்களோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இனங்களாகவே பெரும்பாலும் இருக்கின்றன. அவ்வாறு பழகிய ஓரினத்தின் தொகை சில பருவங்களுக்குள் வழக்கமான அளவைப் பன்மடங்கு மீறிப் பெருகி, காட்டின் பச்சையையே அழித்துவிடும் நிலையைப் பூச்சியியலார் பெருக்கம் என்று குறிப்பிடுகின்றனர்.

இந்தியத் துணைக்கண்டத்தில் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, மேற்கு இமயத்தின் தேவதாரு மரங்களைத் தின்னும் எக்ட்ரோபிஸ் டியோடாரே என்னும் அந்துப்பூச்சி. ஜம்மு காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளின் தேவதாருக் காடுகளில் இதன் பெருக்கம் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியலாளராகப் பணிபுரிந்த சி. எஃப். சி. பீசன், இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் வாழும் வனப்பூச்சிகளின் சூழலியலையும் கட்டுப்பாட்டையும் தொகுத்து 1941இல் வெளியிட்ட பெருநூல், இத்தகைய காட்டுப்பூச்சிகளைப் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமாயிற்று.

இப்பூச்சியின் ஆண்டு, பனியின் ஆண்டோடு பொருந்தி நடக்கிறது. பனி உருகும் இளவேனிலில் மண்ணுக்குள் கிடந்த கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிகள் வெளிவந்து, அடிமரப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடுகின்றன. மரம் புதுத் தளிர் விடும் நாள்களில் முட்டை பொரிக்கிறது. மயிரிழை போன்ற இளம்புழுக்கள் கிளை நுனிக்கு ஏறி, முதலில் மென்மையான புது ஊசிகளையும் பின்னர் முற்றியவற்றையும் தின்கின்றன. தேவதாருவின் ஊசி சுமார் இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளமே ஆதலால், புழுக்கள் மிகுந்த ஆண்டில் ஒரு கிளை விரைவில் வெறுமையாகிவிடும். கோடை முடியுமுன் முழு வளர்ச்சி பெற்ற புழுக்கள் மரத்தை விட்டிறங்கி, இலைச்சருகுக்கும் மண்ணுக்கும் இடையே கூட்டுப்புழுவாக மாறி, மழைக்காலத்தையும் பனிக்காலத்தையும் அங்கேயே கழித்து, அடுத்த இளவேனிலில்தான் மறுபடி சிறகெடுக்கின்றன. ஆண்டுக்கு ஒரே தலைமுறை என்பதும், அந்த ஆண்டின் பெரும்பகுதியை இப்பூச்சி அசையாமல் மண்ணில் கழிக்கிறது என்பதும் பின்னர் ஒப்பிடுவதற்காக நினைவில் நிறுத்தத்தக்கவை.

இத்தகைய பெருக்கம் எவ்வாறு அடங்குகிறது என்பது, அது எவ்வாறு தோன்றுகிறது என்பதைவிடக் கூடுதலாகக் கற்பிக்கிறது. தொகை உச்சத்தை அடையும்போது உணவு தீர்ந்து புழுக்கள் பட்டினியாகின்றன. மண்ணில் கிடக்கும் கூடுகளைப் பறவைகளும் எறும்புகளும் வண்டுகளும் தேடி உண்கின்றன. புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று முடிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளும் ஈக்களும் இரை மிகுந்ததால் தாமும் பெருகுகின்றன. நெரிசலில் தொற்றுநோய் பரவுகிறது. இவற்றுள் நோயின் ஆற்றலுக்கு ஐரோப்பிய ஸ்புரூஸ் காடுகளைத் தின்னும் லைமன்ட்ரியா மொனாக்கா என்னும் அந்துப்பூச்சி நல்ல சான்று. வைரசு தாக்கிய அதன் மயிர்க்கொட்டிகள் இறக்குமுன் மரத்தின் உச்சிக்கு ஏறிக் கூட்டங்கூட்டமாகத் தொங்கி மடிகின்றன. அழுகும் உடல்களிலிருந்து வழியும் நோய்க்கிருமி கீழ்க்கிளைகளில் மேயும் புழுக்களுக்குப் பரவுகிறது. ஆகவே பழைய கலப்புக் காடு ஒன்றில் பெருக்கம் என்பது எழுந்து, உச்சம் தொட்டு, தானே சரியும் ஓர் அலையாகவே பெரும்பாலும் முடிகிறது. இலையிழந்த மரங்களில் பல மீண்டும் தளிர்க்கின்றன. வலுவிழந்தவற்றைப் பட்டை துளைக்கும் வண்டுகள் தாக்கி வீழ்த்துகின்றன.

அந்த அலையை நஞ்சினால் தடுக்க முயன்றால் நிகழ்வதென்ன என்பதை வட அமெரிக்கா கண்டது. கிழக்குக் கனடாவின் பால்சம் ஃபர், ஸ்புரூஸ் மரங்களின் மொட்டுகளையும் புது ஊசிகளையும் தின்னும் சிறு அந்துப்பூச்சி கோரிஸ்டோனியூரா ஃப்யூமிஃபெரானா, ஏறத்தாழ முப்பது முதல் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும் இயல்பினது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் 1950களில் அது பெருகியபோது விமானங்களிலிருந்து டி.டி.டி. தூவப்பட்டது. 1954ஆம் ஆண்டு மிராமிச்சி ஆற்றுப்படுகையில் தூவிய நஞ்சு நீரில் இறங்கி, சால்மன் குஞ்சுகளையும் அவற்றின் உணவான நீர்ப்பூச்சிகளையும் கொன்றதை ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட மௌன வசந்தம் என்னும் நூலில் விரித்துரைத்தார். சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973இல் இதே பூச்சியை எடுத்துக்காட்டி, காடு அழிவதும் மீள்வதுமாக மாறி மாறி இயங்குவதே அதன் தாங்குதிறன் என்று வாதிட்டார். மரங்களை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு மட்டும் புழுவைக் கொல்வது, எஞ்சிய புழுவுக்கு உணவைக் காத்துக் கொடுத்துப் பெருக்கத்தை நீட்டிக்கிறது என்னும் கருத்து ஆய்வாளரிடையே வலுப்பெற்றதும் இதன் தொடர்ச்சியே.

தொலைநாட்டுக் காடுகளின் இந்தச் செய்திகள் உடப்புசல்லாவைத் தேயிலை மலைகளுக்கு எவ்வகையில் உரியன என்ற கேள்விக்குப் பூச்சி வகைப்பாடு நேரான விடை தருகிறது. தேவதாருவைத் தின்னும் எக்ட்ரோபிஸ் என்னும் பேரினத்தின் இன்னோர் உறுப்பினர், இலங்கைத் தேயிலையைத் தின்னும் எக்ட்ரோபிஸ் பூர்மித்ரா; கனடாவின் ஊசியிலை மொட்டுகளைத் தின்னும் டார்ட்ரிசிடே குடும்பத்தின் இன்னோர் உறுப்பினர், இலங்கைத் தேயிலையின் இலைச்சுருட்டிப் புழுவான ஹோமோனா காஃபியாரியா. ஊசியிலைக் காடுகளை வாட்டும் இரண்டு அந்துப்பூச்சிகளின் நெருங்கிய உறவுகள் தேயிலைச் செடியில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

எக்ட்ரோபிஸ் பூர்மித்ராவுக்குப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பூச்சித் தொகுப்புகளை ஆராய்ந்த பிரான்சிஸ் வாக்கர் 1860இல் பெயரிட்டார். இத்தகைய பூச்சிகளைத் துணைக்கண்டம் முழுமைக்கும் ஒழுங்குபடுத்தி, பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகள் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், அதற்கு முன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்தியவர் என்பது தேயிலைக்கும் அந்துப்பூச்சி ஆய்வுக்கும் இடையிலான பழைய தொடர்பைக் காட்டும். இப்பூச்சி ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்துப் புழுக்களுக்கு உடலின் நடுப்பகுதியில் பொய்க்கால்கள் இல்லாமையால், முன்புறத்தை ஊன்றிப் பின்புறத்தை இழுத்து, முதுகை வளைத்து நிமிர்த்தி நடக்கின்றன. காவடிப்புழு என்று உழவர் அழைப்பது இந்த நடையைக் கண்டே. அசைவு உணர்ந்தால் பின்கால்களால் தண்டைப் பற்றிக்கொண்டு உடலைச் சாய்வாக விறைத்து நிற்கும் இப்புழுவைக் காய்ந்த குச்சியிலிருந்து பிரித்தறிவது கடினம். கொழுந்து பறிக்கும் கை அதைத் தொட்ட பிறகே அது குச்சியன்று என்பது தெரியவரும்.

இலைச்சுருட்டியின் வரலாறு தேயிலைக்கும் முந்தியது. இலங்கையில் கோப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மானியரான நீட்னர், கோப்பி மரத்தின் பகைவர்களைப் பற்றி 1861இல் எழுதிய நூலில் இதனை விவரித்தார். அதன் அறிவியற் பெயரில் கோப்பி இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிராக நட்டதும், 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அடுத்த ஆண்டுகளில் அழித்ததும், மலைகள் முழுவதும் தேயிலையாக மாறியதும் அறிந்த வரலாறு. கோப்பி போன பின்னும் புழு போகவில்லை. பலவகைச் செடிகளில் வாழப் பழகிய அது, மலையை மூடி வந்த புதிய பயிருக்கு மாறிக்கொண்டது. இதன் பெண் பூச்சி முற்றிலையின் மேற்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டுகிறது. பொரித்த இளம்புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் மிதந்து அடுத்த செடிகளுக்குப் பரவி, இரண்டு இலைகளைப் பட்டிழையால் சேர்த்துத் தைத்து, அந்தக் கூட்டுக்குள் மறைந்திருந்தே தின்கின்றன. மறைந்து வாழும் புழுவுக்கு மருந்து எட்டாது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முட்டைத் தொகுதிகளை ஆள் விட்டுப் பொறுக்குவதே முக்கிய கட்டுப்பாடாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது ஒரு குளவி. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், மாக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்னும் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை 1935, 1936 ஆகிய ஆண்டுகளில் யாவாவிலிருந்து வருவித்து மலைநாட்டில் பரப்பியது; இக்குளவியை ஆராய்ந்தவர் அந்நிலையத்தைச் சேர்ந்த சி. எச். காட். இக்குளவி இலைச்சுருட்டிப் புழுவின் உடலுக்குள் இடும் ஒரே முட்டை பலவாகப் பிரிந்து பல கருக்களாகிறது. பல்கருவாக்கம் எனப்படும் இவ்வியல்பைப் பற்றிக் காட் 1946இல் தனி ஆய்வு வெளியிட்டார். தைத்த இலையொன்றை விரித்துப் பார்ப்பவர், சில சமயம் பச்சைப் புழுவுக்குப் பதிலாகச் சுருங்கிய ஒரு தோலையும் அதனருகே நெருக்கமாகக் கட்டுண்ட சின்னஞ்சிறு நீள்கூடுகளின் கொத்தையும் காண்பார். ஒரு புழுவை முடித்து வெளிவந்த குளவிக் குடும்பம் அடுத்த புழுக்களைத் தேடிச் செல்லுமுன் தங்கியிருக்கும் இடம் அது. சில ஆண்டுகளுக்குள் இலைச்சுருட்டி பெரும்பாலான தோட்டங்களில் அச்சுறுத்தலாக இல்லாமல் போயிற்று. ஒட்டுண்ணியைக் கொண்டு பயிர்ப்பூச்சியை அடக்கிய உலக முயற்சிகளுள் இது வெற்றிபெற்ற ஒன்றாக எண்ணப்படுகிறது.

அந்த வெற்றி ஒரு தலைமுறைக்காலத்துக்குப் பின் தோட்டங்களின் கையாலேயே குலைந்தது. தேயிலைத் தண்டைத் துளைத்துக் கிளைகளை முறியச் செய்யும் சிறு வண்டு, தாழ்ந்த, நடுத்தர உயர மலைகளில் நெடுங்காலமாகத் தொல்லையாக இருந்து வந்தது. அதனைக் கொல்ல 1950களின் பிற்பகுதியிலிருந்து டீல்ட்ரின் என்னும் குளோரின் கலந்த பூச்சிநஞ்சு தோட்டங்களில் அடிக்கப்பட்டது. அடித்த பின் நெடுநாள் சிதையாமல் செடியிலும் மண்ணிலும் தங்குவதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. அதுவே அதன் கேடுமாயிற்று. தைத்த இலைக்குள் கிடந்த இலைச்சுருட்டிப் புழு தப்பியது. இலைமேல் நடந்து இரை தேடிய குளவி மாண்டது. அடங்கியிருந்த இலைச்சுருட்டி மீண்டும் தலைதூக்கியது. அதற்கு முன் பெரிதாகப் பொருட்படுத்தப்படாத குச்சிவடிவப் புழுவான எக்ட்ரோபிஸ் பூர்மித்ராவும் மலைகளை மொட்டையாக்கும் அளவுக்குப் பெருகியது. இக்குச்சிவடிவப் புழுப் பெருக்கத்தின் காரணங்களைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை, டீல்ட்ரின் பயன்பாட்டையும் புழுவின் பெருக்கத்தையும் தொடர்புபடுத்திக் காட்டியது. ஒரு பூச்சியைக் கொல்ல அடித்த நஞ்சு வேறு இரண்டு பூச்சிகளைப் பயிர்ப்பகையாக்கியது. டீல்ட்ரின் பின்னர் உலகளவிலேயே கைவிடப்பட வேண்டிய நஞ்சாகத் தீர்மானிக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் இடம்பெற்றது.

இங்கே இமயத்தோடு ஒப்பிடுதல் தெளிவு தரும். தேவதாருக் காட்டில் புழுவுக்கு ஆண்டில் சில வாரங்களே மேய்ச்சற்காலம். எஞ்சிய காலம் முழுவதும் பனியும் குளிரும் அதன் பெருக்கத்துக்கு எல்லை கட்டுகின்றன. தேயிலை மலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் வருகிறது, இலைச்சுருட்டி ஆண்டுக்குப் பல தலைமுறைகள் காண்கிறது, குளிர்காலம் என்று ஓய்வு கிடையாது. எல்லை கட்டும் வேலையை இங்கே பருவம் செய்வதில்லை. குளவியும் சிலந்தியும் பறவையும் நோயுமே செய்கின்றன. அவை இடைவிடாது இயங்குவதால் அவற்றின் வேலை கண்ணில் படுவதில்லை, தோட்டக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. டீல்ட்ரின் ஆண்டுகளில் அவை இல்லாமற்போன பிறகே அவற்றின் பங்கு எவ்வளவு என்பது புலப்பட்டது.

இனிப் பைனஸ் காட்டின் அமைதிக்கு வரலாம். இலங்கையில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் எதுவும் இல்லை. மலைநாட்டின் பைனஸ் காடுகளில் பெரும்பான்மை, மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட பைனஸ் கரிபியா. உயர்ந்த மலைகளில் மெக்சிக்கோவைச் சேர்ந்த பைனஸ் பட்டூலாவும் உண்டு. மண் தேய்ந்த தேயிலை நிலங்களிலும் பத்தனைப் புல்வெளிகளிலும் வேறு மரம் எளிதில் பிடிக்காத நிலையில், வனத் திணைக்களம் இவற்றைப் பெருமளவில் நட்டது. தாயகத்தில் இம்மரத்தோடு சேர்ந்து வாழ்ந்த புழுக்கள் விதையோடு கப்பலேறி வரவில்லை; இம்மண்ணின் புழுக்களுக்கோ ஊசியிலையின் பிசினைச் செரிக்கும் பழக்கம் கிடையாது, பழகிக்கொள்ள இந்நாட்டில் உறவுமரமும் இருந்ததில்லை. பைனஸ் காட்டில் புழுத்தொல்லை இல்லாமைக்கு இந்த அந்நியத்தன்மையே முதற்காரணமாகக் கொள்ளத்தக்கது.

புழு இல்லாத காடு நலமான காடு என்று முடிவு செய்துவிட முடியாது. புழு தின்று கழிக்கும் எச்சம் இலையிலிருந்த சத்தை விரைவில் மண்ணுக்குத் திருப்புகிறது. புழு பறவைக் குஞ்சுகளின் முதல் உணவாகிறது. புழுவைச் சார்ந்து குளவிகள் வாழ்கின்றன. பைனஸ் கரிபியாவின் ஊசிகள் பதினைந்து முதல் இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம் வரை வளர்ந்து, பெரும்பாலும் மும்மூன்றாகச் சேர்ந்து உதிர்ந்து, மெல்லவே மக்கும் தடித்த மெத்தையாகத் தரையை மூடுகின்றன. வறண்ட மாதங்களில் அந்த மெத்தையே எரிபொருளாகிறது. மலைநாட்டில் ஆண்டுதோறும் மூளும் காட்டுத்தீக்களில் பைனஸ் மலைகள் அடிக்கடி அகப்படுவதற்கு இது ஒரு காரணம். பைனஸ் காட்டின் கீழே செடி குறைவு, பறவை குறைவு, ஊற்று வற்றுகிறது என்று அயலூர் மக்கள் கூறும் குறைகளில் நீரைப் பற்றியது மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப ஊருக்கு ஊர் வேறுபடக்கூடியது; செடியும் பறவையும் குறைவு என்பது உணவுத்தொடரின் அடிப்படையில் எளிதில் விளங்கக்கூடியது.

இதற்கு மாற்றுவழி இலங்கையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நின்ற பைனஸ் காட்டில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்ரி குணதிலக்க ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வில், பைனஸ் வரிசைகளுள் சிலவற்றை வெட்டி அந்த இடைவெளியில் நாட்டு மழைக்காட்டு மரக்கன்றுகள் நடப்பட்டன. மூன்று வரிசைகளை நீக்கிய இடத்தில் கன்றுகள் நன்கு வளர்ந்ததாக 1997இல் வெளியான முடிவுகள் காட்டின. பைனஸை ஒரேயடியாக வெட்டி மலையை மொட்டையாக்காமல், அதனையே செவிலித்தாயாகக் கொண்டு நாட்டுமரங்களை வளர்த்தெடுக்கலாம் என்பது இதன் பயன். சிங்கராஜம் தாழ்நிலத்து ஈரவலயம். நுவரெலியா மாவட்டத்தின் உயரத்துக்கும் உடப்புசல்லாவையின் வறண்ட காற்றுக்கும் ஏற்ற மரங்கள் வேறாக இருக்கும். ஆயினும் முறை பொருந்தும். நாட்டுமரம் வேரூன்றும்போது அதற்குரிய புழுவும் அதைத் தொடர்ந்து பறவையும் குளவியும் அந்த மலைக்குத் திரும்பும் வழி உண்டாகிறது. அவ்வாறு திரும்பும் குளவிகளிலும் சிலந்திகளிலும் ஒரு பகுதி பக்கத்துத் தேயிலைக்கும் காவலாகலாம்.

மேற்கூறியவற்றைத் தொகுத்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, புழுவின் இருப்பு தீமையின் அடையாளமன்று. அதன் தொகையை அடக்கும் பகைவர்கள் நீங்கியதே பெருக்கத்தின் வேர் என்பதை டீல்ட்ரின் கால இலங்கை காட்டியது. இரண்டாவது, ஒரே இனத்தை மலை மலையாக நடும் முறை, அப்பயிரைத் தின்னப் பழகிய புழு இருந்தால் அதற்கு எல்லையில்லா விருந்தாகவும், அத்தகைய புழு இல்லாவிட்டால் பிற உயிர்களுக்குப் பட்டினியாகவும் முடிகிறது. தேயிலை முன்னதற்கும் பைனஸ் பின்னதற்கும் சான்று. மூன்றாவது, மருந்தடிப்பைத் தீர்மானிக்குமுன் மலையைப் பார்த்தறிய வேண்டும். தைத்த இலைகளுள் சிலவற்றை விரித்து, உள்ளிருப்பது உயிருள்ள புழுவா, குளவிக் கூடுகளின் கொத்தா என்று எண்ணிப் பார்ப்பதற்குக் கருவியோ செலவோ தேவையில்லை. நாள்தோறும் செடியோடு பழகும் கொழுந்து பறிக்கும் பெண்களைவிட அதைக் கூர்மையாகச் செய்யக்கூடியவர் வேறு எவரும் இலர். அவர்கள் காண்பது மேற்பார்வையாளரின் குறிப்பேட்டில் ஏறி, மருந்து வாங்கும் முடிவோடு சேர்த்து எடைபோடப்படுமானால், 1935இல் யாவாவிலிருந்து வந்த குளவி இம்மலைகளில் தன் வேலையை இடையூறின்றித் தொடரும்.